பைனாகுலரும் கையுமாக ஒரு பெண்

சத்யஜித் ரேயின் வங்காளப் படமான ‘சாருலதா’ பற்றி எழுதுகிற எல்லாரும் அந்தக் கைப்பிடி வைத்த சின்ன பைனாகுலரில்தான் தொடங்குவார்கள். நானும் அங்கேதான் தொடங்கப்போகிறேன், வேறு வழியில்லை. ஆனால் ‘பைனாகுலர் தனிமையின் குறியீடு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததுக்குத் தாவிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காது. ரே அந்தச் சாமானுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேலை கொடுக்கிறார்.

1964இல் வந்த படம், அடுத்த வருடம் பெர்லினில் ரேக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கிக் கொடுத்தது. கதை நடப்பது 1879 அளவில், கல்கத்தாவில் ஒரு வசதியான வீட்டில். பூபதி ஆங்கிலத்தில் அரசியல் பத்திரிகை நடத்துகிறான். நல்ல மனுசன், மனைவியோடு ஒருநாளும் கடுமையாகப் பேசாதவன், ஆனால் அச்சுக்கூடத்துக்குள் இறங்கிவிட்டால் மனைவி என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோகும். அந்த மனைவிதான் சாரு. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை, வீட்டுவேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், பகல் நீண்டுகொண்டே போகிறது. இதையெல்லாம் யாரும் வாயால் சொல்வதில்லை. முதல் சில நிமிடங்களில் பேச்சென்று பெரிதாக ஒன்றுமே கிடையாது.

பெயர்கள் ஓடும்போது அவள் கை ஒரு லேஞ்சியில் (கைக்குட்டையில்) ‘பி’ என்ற ஆங்கில எழுத்தைத் தைத்துக்கொண்டிருக்கும், கணவன் பெயரின் முதலெழுத்து. மணி நாலடிக்கும், வேலைக்காரனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி அனுப்பச் சொல்வாள், அலுமாரியில் ஒரு புத்தகத்தை எடுப்பாள், அப்புறம் தெருவில் குரங்காட்டியின் சத்தம் கேட்டதும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு யன்னல் யன்னலாக ஓடுவாள். பல்லக்கு போகிறது, குடை பிடித்த ஒரு குண்டு மனிதர் போகிறார். இது வரைக்கும் அது வெறும் பொழுதுபோக்கு, கொஞ்சம் சிரிப்பும்கூட. பிறகு பூபதி ஒரு புத்தகத்தை வாசித்தபடியே நடையால் வருவான், அவள் நிற்பதைக் காணாமல் அவளைக் கடந்து போவான். அவன் போகப் போக அவள் அதே பைனாகுலரைக் கண்ணுக்கு வைத்துப் பார்ப்பாள். தெருவில் போகிற இன்னொரு ஆளைப் போல! அழுகை இல்லை, பெருமூச்சு இல்லை. சாருவாக நடிக்கும் மாதவி முகர்ஜி அதைக் கையை இறக்குகிற விதத்திலேயே முடித்துவிடுகிறார்.

இதைப் போன ஞாயிறு பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில் பெரியம்மாவின் மகள் வீட்டில், தொடர்மாடியின் வெக்கைக்குள் இருந்து திரும்பப் பார்த்தோம். அக்கா தன் குசினி யன்னலால் எதிர் மாடியில் யார் வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்பதெல்லாம் சொல்லக்கூடிய ஆள். “தம்பி, இதில ஒண்டும் நடக்குதில்லையே” என்று முதலில் முணுமுணுத்தவர், பூபதி கடந்துபோன இடத்தில் சட்டென்று “அட பாவி” என்றார். அக்காவுக்கு யாரும் குறியீடு விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை.

ஊஞ்சல் காட்சிக்கு வருகிறேன். பூபதியின் ஒன்றுவிட்ட தம்பி அமல் (சௌமித்ர சட்டர்ஜி) ஏற்கெனவே புயற்காற்றோடு வந்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். தோட்டத்தில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து எழுதுகிறான், சாரு ஊஞ்சலில். கமராவும் அவளோடு சேர்ந்து ஆடுகிறது, அதனால் அவள் முகம் அசையாமல் நிற்க, உலகம்தான் முன்னும் பின்னும் போகிறது. பைனாகுலர் இங்கேயும் இருக்கிறது. பக்கத்து வீட்டு யன்னலில் ஒரு தாயும் குழந்தையும் தெரிகிறார்கள். கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு அது மெதுவாக அமல் பக்கம் திரும்புகிறது. தெருவைப் பார்க்கும்போது அவளுக்கு அது ஒரு விளையாட்டு. இங்கே தான் என்ன பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரிந்துபோகிறது, முகம் மாறுகிறது. குழந்தையையும் அமலையும் அந்த வரிசையில் வைத்தது ரேயின் துணிச்சல்.

எனக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்த இடமும் உண்டு. சாரு தன் ஊரைப் பற்றி எழுத உட்காரும்போது முகத்தின் மேலேயே ஆறு, படகு, திருவிழா எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து போகும். அழகுதான், ஆனால் மனதுக்குள் நடப்பதை நேரடியாகக் காட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு, தன் எழுத்து அச்சில் வந்த சஞ்சிகையைச் சுருட்டி வந்து அமலின் தலையில் ஒரு போடு போடுகிறாளே, அந்த ஒரு அடியில் இருப்பது அந்த ஆறு முழுவதிலும் இல்லை.

நம் நாட்டிலும் கிட்டத்தட்ட அதே நேரம், 1963இல், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தன் சிங்களப் படமான ‘கம்பெரலிய’வில் மனதிலிருப்பதை வாய்திறந்து சொல்லமுடியாத நந்தா என்ற பெண்ணைக் காட்டினார். ஆனால் அவர் ஸ்டூடியோவை விட்டுவிட்டு நிஜமான ஒரு வளவு வீட்டுக்குள் கமராவைக் கொண்டுபோனார். ரே சாருவின் வீட்டு உட்புறத்தை கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவை வைத்து ஸ்டூடியோவில் கட்டினார், ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ஒளியமைத்தார். ஒரு பகல் முழுக்க உலாவினாலும் வெளியே வராத வீடு வேண்டுமென்றால் அதைக் கட்டத்தான் வேண்டும் போல. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கோ.

கடைசியில் அந்த லேஞ்சி திரும்ப வருகிறது. மனைவி, வீட்டை விட்டுப் போய்விட்ட அமலுக்காக அழுவதைக் கண்டுவிட்ட பூபதி வண்டியில் ஏறிச் சுற்றுகிறான், முகம் துடைக்கும்போது அந்த எழுத்து கண்ணில் படுகிறது. அப்புறம் வீட்டுக்கு வருகிறான், சாரு கை நீட்டுகிறாள், அவனும் நீட்டுகிறான், இரண்டு கையும் தொடுமுன்னரே படம் உறைந்துவிடும்.

அக்கா லப்டொப் நின்றுவிட்டது என்று நினைத்து எட்டி ஸ்பேஸ் பாரைத் தட்டினார்.

முடிந்துவிட்டது என்று சொன்னதும் ஒரே சண்டை. “அவன் உள்ளுக்கு வராமல் எங்க போறது?” என்கிறார். வருவான்தான், ஆனால் அந்தக் கைகள் சேராது என்பது என் கட்சி. வேலைக்காரனின் விளக்கோடு அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது. 1901இல் தாகூர் எழுதிய மூலக்கதையில் பூபதி மைசூருக்குக் கிளம்புவான், தயங்கித் தயங்கி அவளையும் வா என்பான், அவள் வேண்டாம் என்றுவிடுவாள். அதைச் சொன்னதும் அக்கா, அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து தரச்சொன்னார். கொடுத்தால் திரும்பி வராது என்பதால் இன்னும் கொடுக்கவில்லை.