பத்து நாள் பொறுங்க

"போடவா சார், வேணாமா?"

அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். மடியிலிருந்து ஒரு விதைநெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். 2016 புரட்டாசி. முதுகுளத்தூர்ப் பக்கம் பாதிப் பேர் புழுதி விதைப்பை, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பதை, முடித்திருந்தார்கள்.

"பத்து நாள் பொறுங்கக்கா" என்றேன்.

விவசாயிகளுக்கு யோசனை சொல்வதுதான் என் வேலை. காரணம் இல்லாமல் சொல்லவில்லை. மண் முழுக்கக் காய்ந்திருந்தால் பயமில்லை. விதை இரண்டு மூன்று வாரம் சும்மா கிடக்கும், எறும்பும் குருவியும் தின்றதுபோக மிச்சம் மழைக்கு முளைக்கும். அரை ஈரம்தான் ஆபத்து. முந்தின நாள் ஒரு தூறல் விழுந்திருந்தது. மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன். மேலே இரண்டு விரக்கடை ஈரம், அதற்குக் கீழே சாம்பல் மாதிரிப் புழுதி. போட்டால் முளைக்கும், முளைத்ததும் கருகும்.

அப்படியேதான் நடந்தது. அக்டோபர் 20 வாக்கில் வர வேண்டிய வடகிழக்குப் பருவமழை 30ஆம் தேதிதான் தொடங்கியதாக அறிவித்தார்கள். அறிவித்தார்களே தவிர, பெய்யவில்லை. மாநிலத்துக்குச் சராசரியாக 440 மில்லிமீட்டர் கிடைக்க வேண்டிய பருவத்தில் கிடைத்தது 168. பத்து நாள் இருபதாகி, அக்கா கடைசிவரை விதைக்கவே இல்லை. பக்கத்து வயல்களில் பயிர் விரல் உயரத்தில் கருகி நின்றபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஒரு சின்னத் திருப்தி. அக்காவின் விதை மூட்டை பத்திரம்.

அப்புறம் காப்பீடு. பிரதமர் பயிர்க் காப்பீடு அந்த வருஷம்தான் வந்தது. விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், பயிர் ஏறியவர்களுக்கு, தாமதமானாலும், பணம் வந்தது. விதைக்கவே முடியாமல் போனாலும் இழப்பீடு உண்டுதான், ஆனால் அந்தப் பகுதியில் முக்கால்வாசி நிலம் தரிசாகக் கிடக்க வேண்டும். இங்கேதான் பாதிப் பேர் விதைத்துவிட்டார்களே.

கருகும் என்று தெரிந்தே "போடுங்க" என்று எந்த வாயால் சொல்வது? அதற்கா என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்? இந்த நியாயத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிவிட்டேன். ஆனால் அன்றைக்கு என் பையில் அந்தக் காப்பீட்டுத் துண்டறிக்கைக் கட்டு இருந்தது. காலையில் அதே ஊர் டீக்கடையில் நான்தான் கொடுத்தேன். வரப்பில் நிற்கும்போது மண்ணைப் பார்த்தேனே தவிர, பைக்குள் இருந்தது ஞாபகத்துக்கு வரவில்லை. வரவில்லையா, இல்லை வந்தும் இது வேறு பேச்சு என்று விட்டுவிட்டேனா? யோசிக்க யோசிக்க இரண்டும் உண்மை மாதிரியே இருக்கிறது.

அடுத்த புரட்டாசியில் போனபோது அக்கா விதைத்து முடித்திருந்தார்.

"கேட்டுட்டுப் போடலாம்னுதான் இருந்தேன் சார். போன வாரம் நீங்க வரலையே."

போன வாரம் நான் வந்திருந்தேன். அவர் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

"ஆமாக்கா, வர முடியல" என்றேன்.