செகண்ட் ஹேண்ட் காம்பாக்ட் எஸ்யூவி: விலை பேசும் முன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், எக்ஸ்யூவி 300 மாதிரி 4 மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவியைப் பழையதாக வாங்க நினைப்பவர்கள் பலரும் பேரத்தைத் தப்பான எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். "நான் 13 லட்சம் கொடுத்து எடுத்தது, 10க்குத் தருகிறேன்" என்று விற்கிறவர் சொன்னால், 3 லட்சம் குறைந்துவிட்டதே என்று மனசு இளகிவிடுகிறது. அந்த 13 லட்சத்துக்கு இன்று மதிப்பில்லை. அதே கார் இன்று புதிதாக என்ன விலை என்பதுதான் கணக்கு.

காரணம் வரி. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருக்கும் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பெட்ரோலுக்கு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 29, டீசலுக்கு 31. அன்று 10.80 லட்சம் ஷோரூம் விலை போட்டிருந்த பெட்ரோல் கார், வரிக் குறைப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் இன்று சுமார் 9.88 லட்சம். தமிழ்நாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. இங்கே புது காருக்கான ஆயுட்கால வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். ஆகவே 10.80க்கு 1.94 லட்சமாக இருந்த வரி, 9.88க்கு 1.28 லட்சம்தான். இன்ஷூரன்ஸ் சேர்க்காமலே மொத்தம் 12.74 லட்சத்திலிருந்து 11.16 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இதைக் காகிதத்தில் போட்டுக்கொண்டு பேரத்துக்குப் போங்கள்.

பிரெஸ்ஸா மட்டும் விதிவிலக்கு. நீளம் 4 மீட்டருக்குள்தான், ஆனால் பெட்ரோல் இன்ஜின் 1462 சிசி. அதனால் சிறிய கார் வரிக்குள் வராது. 45 சதவீதம் 40 ஆனது, அவ்வளவுதான். பழைய பிரெஸ்ஸாவின் விலை மற்றவற்றைப் போல இறங்காததற்கு மாருதி என்ற பெயரோடு இதுவும் ஒரு காரணம்.

என் அளவுகோல் இது: மூன்று வயது, ஒரே ஓனர், 40,000 கிலோமீட்டருக்குள் ஓடிய கார் என்றால், அதே வேரியன்ட் இன்று புதிதாக வரும் ஆன்ரோடு விலையில் (வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலை) 70 சதவீதத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம். 80 கேட்டால் எழுந்து வந்துவிடலாம். பழைய காருக்கு வங்கி வட்டி கூடுதல், வாரன்ட்டி முடிந்திருக்கும் அல்லது முடியப்போகும், டயரும் பேட்டரியும் விரைவில் செலவு வைக்கும். அந்த 20 சதவீதம் அதிலேயே கரைந்துவிடும்.

புதிதாக எடுப்பவர்கள் 10 லட்சம் என்ற கோட்டைக் கவனியுங்கள். ஷோரூம் விலை 9.90 லட்சம் என்றால் வரி 1,28,700. அடுத்த வேரியன்ட் 10.10 லட்சம் என்றால் 1,81,800. அலாய் வீலுக்கும் பெரிய ஸ்கிரீனுக்கும் 20,000 ரூபாய்தான் கூடுதல் என்று சேல்ஸ்மேன் சொல்வார், உண்மையில் கூடுவது 73,000. அதோடு 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அன்று கையிலிருந்து போக வேண்டும்.

பின் சீட்டில் யார்?

பிராண்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துப் பாருங்கள். 2025இல் புது மாடல் வருவதற்கு முந்தைய வென்யூவின் அகலம் 1770 மில்லிமீட்டர், பிரெஸ்ஸா 1790, எக்ஸ்யூவி 300 1821. ஐந்து சென்டிமீட்டர் என்பது பின்னால் மூன்று பெரியவர்கள் உட்காரும்போது தோளில் தெரியும். ஆனால் அதே எக்ஸ்யூவி 300இன் டிக்கி 260 லிட்டர்கூடக் கிடையாது. பிரெஸ்ஸாவில் 328, சோனெட்டில் 385. நான்கு பேர் ஊருக்குப் போகும் பெட்டிகளோடு போய் டிக்கியை மூடிப் பார்த்துவிடுவது நல்லது. முட்டி வலி உள்ள பெரியவர் இருந்தால் சீட் உயரம், கதவு திறக்கும் கோணம் இரண்டும் சன்ரூஃபைவிட முக்கியம்.

பாதுகாப்பில் புதிய கார்கள் உண்மையிலேயே முன்னேறியிருக்கின்றன. 2019, 2020 மாடல்களில் கீழ் வேரியன்ட் எடுத்தால் முன்னால் இரண்டு ஏர்பேக்தான். இப்போது வரும் நெக்ஸான், வென்யூ, பிரெஸ்ஸாவில் அடிப்படை வேரியன்ட்டிலேயே ஆறு. பழையதில் நெக்ஸானும் எக்ஸ்யூவி 300உம் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. குழந்தை இருக்கிற வீடு என்றால் குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று சீட் இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள்.

இன்ஜினும் கியரும்

டீசல் மலிவு என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 7.20 ரூபாய். டீசல் 18 கொடுத்தால் 5.15. வித்தியாசம் இரண்டு ரூபாய். டீசல் வண்டி 1.20 லட்சம் கூடுதல் விலை என்றால் அதை எடுக்கவே 60,000 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். வருடம் 18,000க்குக் கீழே ஓட்டுகிறவருக்கு டீசல் வேண்டாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) டீசல் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். சைலன்சர் வரிசையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். தேங்கிய கரியை எரிக்க புகை 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் 60க்கு மேல் சீராக 15, 20 நிமிடம் ஓடினால் வேலை முடிந்துவிடும். ஸ்கூல், ஆபீஸ், கடை என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டங்களில் அது பாதியிலேயே நின்றுவிடும். சூட்டைக் கூட்டுவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்பட்ட டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதா, விரலில் தொட்டால் நீர்த்து டீசல் வாசம் வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வண்டி ஊருக்குள்ளேயே ஓடியது. நீர்த்த ஆயில் முதலில் தின்பது டர்போ பேரிங்கை. 2016 முதல் 2020 வரை வந்த பிரெஸ்ஸாவின் 1.3 டீசலில் இந்தத் தொல்லை இல்லை. அதில் கேட்க வேண்டியது டைமிங் செயின் சத்தம்.

மறைமலை நகரில் தயாரான ஈக்கோஸ்போர்ட் இப்போது விலை மலிவாகக் கிடைக்கிறது. ஓட்ட அருமையான வண்டி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 1.0 ஈக்கோபூஸ்ட் இன்ஜினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. தப்பான ஆயில் ஊற்றினாலோ மாற்றாமல் இழுத்தாலோ பெல்ட் உதிர்ந்து, துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். எந்த ஆயில், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

ஆட்டோமேட்டிக்கில் நகர நெரிசலுக்கு என் வோட்டு பிரெஸ்ஸாவின் டார்க் கன்வர்ட்டருக்கு (கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியே விசையைக் கடத்தும் வகை). வென்யூ, சோனெட் டர்போவில் வரும் 7 கியர் டிசிடி (இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ்) உலர் கிளட்ச் வகை. ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். அப்படிப்பட்ட காரை மேம்பாலச் சரிவில் நிறுத்தி மெல்ல நகர்த்திப் பாருங்கள். நடுக்கம் வந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. ஏஎம்டி (மேனுவல் கியரைத் தானாக மாற்றும் வகை) என்றால் முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போதும் ரிவர்ஸ் போடும்போதும் தாமதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காரைப் பார்க்கும்போது

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். "வார்ம் அப் பண்ணி வச்சிருக்கேன் சார்" என்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை ஆயில் எரிவது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்து கூலன்ட்டும் குறைந்தால் இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் படிந்திருந்தால் ஆயிலில் நீர் சேர்கிறது.

அடுத்து வெளியே. பானட் கீல், ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்து ஸ்பேனர் தடம் தெரிந்தால் அந்தப் பாகம் கழற்றி மாட்டப்பட்டது. பெயின்ட் தடிமன் மீட்டர் இருந்தால் கம்பெனி பெயின்ட் பொதுவாக 90 முதல் 150 மைக்ரானுக்குள் காட்டும். 200க்கு மேல் மறு பெயின்ட். 500 தாண்டினால் அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. பம்பரிலும் கதவிலும் சிராய்ப்புக்கு பெயின்ட் அடிப்பது நம் ஊரில் சகஜம், அதற்காக நல்ல காரை விட வேண்டாம். கூரையிலும் நடுத் தூண்களிலும் பட்டி இருந்தால் மட்டும் பேச்சே வேண்டாம். டிக்கி கார்பெட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்கள். பின்னால் இடி வாங்கிய கார் அங்கே சுருங்கியிருக்கும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் ஒரே சீரான வட்டக் குழிகளாக வரும், பட்டறை வெல்டிங் அப்படி வராது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். நாலு டயரும் ஒரே காலத்தில் வந்திருந்து, மீட்டர் 25,000 என்று சொல்லும் 2019 காரில் டயர் 2022ஐச் சேர்ந்தது என்றால் மீட்டர் பொய் சொல்லியிருக்க வாய்ப்புண்டு. சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்தால் ஒவ்வொரு வருகையிலும் குறித்த கிலோமீட்டர் கிடைக்கும். ஓனரை உடன் அழைத்துப் போனால் மறுக்க மாட்டார்கள்.

சென்னைப் பதிவு என்றால் வெள்ளம் தனிச் சோதனை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் ஏராளமான கார்கள் மூழ்கின. கழுவி, சீட் கவர் மாற்றி, வாசனை தெளித்துப் பக்கத்து மாவட்டங்களில் விற்பது நடக்கிறது. சீட் பெல்ட்டை கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு நின்றுவிடும், அதை யாரும் கழுவுவதில்லை. முன் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, கார்பெட் அடியிலுள்ள பஞ்சு ஈரமாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று விரலால் அழுத்துங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் ஃப்யூஸ் பெட்டியில் பச்சை படிந்த பின்கள் இருந்தால் வேறு அத்தாட்சி தேவையில்லை. இன்று ஓடினாலும், ஏர்பேக் கன்ட்ரோல், ஏபிஎஸ், ஸ்டீயரிங் மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போகும். எந்த விலைக்கும் வேண்டாம்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மாட்டும்போது பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். உமிழ்வுச் சோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால், சமீபத்தில்தான் யாரோ குறியீடுகளை அழித்திருக்க வாய்ப்புண்டு.

ஓட்டும்போது பாட்டை அணைத்துவிட்டு, ஜன்னலை இறக்கி, வேகத்தடைகள் உள்ள தெருவில் 20 வேகத்தில் போங்கள். டொக் டொக் என்றால் லிங்க் ராடு அல்லது லோயர் ஆர்ம் புஷ். அது சின்னச் செலவு, விலையில் கழித்துக்கொள்ளலாம். நின்றபடி ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பும்போது தட்டல் வந்தால் ரேக்காக இருக்கலாம், அது பெரிய செலவு. மேனுவல் காரில் மூன்றாம் கியரில் 30 வேகத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது.

காகிதம்

அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் வரிசை, இன்ஷூரன்ஸ் தேதி, நிலுவை இ-சலான், வங்கிக் கடன் எல்லாம் பாருங்கள். ஆர்சியில் வங்கிப் பெயர் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. டெல்லியில் 10 வயதான டீசல் கார்களுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அங்கிருந்து மலிவாக வரும். ஆனால் படிவம் 28 என்ஓசி, இங்கே காரின் வயதுக்கேற்ப மறுபடி ஆயுட்கால வரி, புது எண் என்று எல்லாம் சேர்த்தால் மலிவு போய்விடும். விற்கும்போதும் டெல்லி வண்டி என்றே விலை குறைப்பார்கள்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் காப்பு தானாக உங்களுக்கு வந்துவிடும். உங்கள் காருக்கான சேதக் காப்பு வராது, விபத்தானால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவருடையது, காரோடு வராது. அதனால் அடுத்த பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடும். இதையும் விலைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரை எடுக்கும் நாளில் இரண்டு சாவியையும் வாங்கி இரண்டிலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவி ஒன்று தொலைந்திருந்தால் புதிதாகச் செய்து கோட் ஏற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்குக் காலையில் சிக்னல் மீறிய சலான் யார் கணக்கு என்பதை அந்த மணிதான் தீர்க்கும். பழைய ஓனரின் ஃபாஸ்டேக் கண்ணாடியில் ஒட்டியபடியே இருந்தால், அவர் அதை முடக்கிய பிறகுதான் உங்கள் பெயரில் புதியது வாங்க முடியும். சாவி கைமாறுவதற்கு முன் அவர் போனிலேயே அதை முடிக்கச் சொல்லுங்கள்.