முன்கால் ஷூ, பின்கால் ஷூ

வாள்வீச்சு வகுப்பில் சேர்ந்தபோது மாஸ்க், ஜாக்கெட், கையுறை, வாள் எல்லாமே அங்கேயே இரவல் கிடைத்தன. ஷூ மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். "என்ன ஷூ சார்?" என்று மாஸ்டரிடம் கேட்டேன். "இப்போதைக்கு ஏதாவது ஸ்போர்ட்ஸ் ஷூ போதும்" என்றார். அந்த 'ஏதாவது' என்னை எட்டு மாதம் அலைக்கழித்தது.

வீட்டில் ஓட்டப் பயிற்சிக்கென்று ஆசையாக வாங்கி, ஓடாமலேயே வைத்திருந்த ஷூ ஒன்று இருந்தது. கீழே இரண்டு விரற்கடைக்குக் குறையாமல் பஞ்சு மாதிரி மெத்தை. போட்டு நின்றால் நானே கொஞ்சம் உயரமாகத் தெரிவேன். அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

லஞ்ச் என்றால் முன்காலை எறிந்து பாயும் அடி. முதலில் குதிகால் தரையைத் தொட வேண்டும், பிறகு பாதம் படிய வேண்டும். என் ஷூவின் குதிப்பகுதி பின்னால் படகின் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததால், நான் எதிர்பார்ப்பதற்குக் கொஞ்சம் முன்னாடியே அது தரையைத் தொட்டுவிடும். தொட்டதும் மெத்தை அமுங்கும். கணுக்கால் வெளிப்பக்கம் சாயும். வாள் நுனி எதிராளியின் நெஞ்சுக்குப் பதிலாகச் சுவரில் தொங்கிய கடிகாரத்தைக் குறிபார்க்கும். மூன்றாவது லஞ்சில் மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, ஷூவைப் பார்த்தார். "இது நேரா ஓடறதுக்கு செஞ்சது சார். நீங்க இதுல நேரா மட்டும் ஓடுங்க" என்றார்.

அடுத்து மகனுடைய பழைய கேன்வாஸ் ஷூ. மெல்லிய, தட்டையான அடிப்பாகம். ஆட்டமே இல்லை, தரை கால் விரலுக்குத் தெரிந்தது. ஆகா என்று நினைத்தேன். நாற்பது லஞ்ச் முடிந்ததும் குதிகாலுக்கும் தரை நன்றாகவே தெரிந்தது. மறுநாள் மாடிப்படியில் நுனிக்காலில் இறங்கிவந்தவனை மனைவி ஒரு திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

போதாக்குறைக்கு, வாள்வீச்சின் மூன்று வாள் வகைகளில் நான் கற்றது எப்பே. ஃபாயிலில் உடற்பகுதி மட்டும்தான் இலக்கு. சேபரில் இடுப்புக்கு மேலே. எப்பேயில் உச்சந்தலையிலிருந்து கால் கட்டைவிரல் வரை எங்கே குத்தினாலும் புள்ளி. நுனியில் 750 கிராமுக்கு மேல் அழுத்தம் விழுந்தால்தான் புள்ளியைக் காட்டும் விளக்கு எரியும் என்பது விதி. அந்தக் கணக்கு எனக்குப் புரிந்ததே கேன்வாஸ் துணிவழியே கட்டைவிரலில் வாங்கியபோதுதான்.

இதற்கென்றே செய்த வாள்வீச்சு ஷூ உண்டு. ஆனால் மூன்று மாதத்தில் விட்டுவிட வாய்ப்புள்ள ஒரு பழக்கத்துக்காக அதை வாங்க மனம் வரவில்லை. (ஓட்டப் பயிற்சி ஷூவின் கதைதான் மேலே சொன்னேனே.) சரி, வேறு விளையாட்டு ஷூ எது ஒத்துவரும் என்று விசாரித்தேன். ஹேண்ட்பால், ஸ்குவாஷ், பேட்மின்டன் என்று பதில் வந்தது. எல்லாமே உள்ளரங்கத்தில், பக்கவாட்டில் சடாரென நின்று திரும்பும் ஆட்டங்கள். அடிப்பாகம் தாழ்வாக இருக்கும், பிடிமானமான ரப்பர் இருக்கும், தரையில் கறுப்புத் தடம் விழாது.

கடையில் பேட்மின்டன் ஷூவைப் போட்டு நடந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதால், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே நின்று லஞ்ச் அடித்தேன். நான்கு முறை. கையில் வாளுக்குப் பதில் ஷூ மாட்ட உதவும் ஷூஹார்ன். எதிரே உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியவர் மெதுவாகக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். குதிகால் விளிம்பு உருண்டையாக இருந்ததால் தரையில் இடறாமல் உருண்டு படிந்தது, கணுக்கால் அசையவில்லை. அங்கேயே முடிவு செய்தேன். உள்ளே குதிகாலுக்கு ஒரு ஜெல் பட்டையும் வைத்ததில், மாடிப்படியிலும் மனிதனாக இறங்க ஆரம்பித்தேன்.

ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் இடது ஷூவின் உட்புறம், கட்டைவிரலுக்குப் பக்கத்தில், சாக்ஸ் எட்டிப் பார்த்தது.

மற்ற ஆட்டங்களில் இரண்டு கால்களும் மாறி மாறி ஒரே வேலையைச் செய்யும். இதில் அப்படி இல்லை. நின்றுபோன வண்டியைத் தள்ளுகிற மாதிரிதான்: ஒருவர் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார், இன்னொருவர் பின்னாலிருந்து மூச்சுவாங்கத் தள்ளுவார். வலக்கை ஆளான எனக்கு வலதுகால் ஸ்டியரிங், இடதுகால் தள்ளுகிற ஆள். குறுக்காக நின்று உதைத்துவிட்டு, ஒவ்வொரு லஞ்சிலும் உள்விளிம்பு தரையில் தேய இழுபட்டுக்கொண்டே வரும். பேட்மின்டனிலும் பின்கால் இழுபடும் என்பதால் அந்த இடத்தில் கூடுதலாக ஒரு பட்டை ஒட்டியிருந்தார்கள். பாவம், இந்த அளவு இழுப்பை அது எதிர்பார்க்கவில்லை.

மனைவி இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணு புதுசா இருக்கு, ஒண்ணு கிழிஞ்சிருக்கு. நொண்டி அடிச்சா கத்துக்கறீங்க?"

வகுப்பில் ஓர் இடக்கை நண்பர் உண்டு. என் பேச்சைக் கேட்டு அதே ஷூவை, அதே அளவில் வாங்கியவர். அவருக்கு எல்லாம் தலைகீழ்: வலது ஷூ கிழிந்திருந்தது, இடது நன்றாக இருந்தது. என் வலதையும் அவர் இடதையும் சேர்த்து வைத்தால் அருமையான ஒரு ஜோடி. இருவரும் ஒரே நேரத்தில் அதைக் கண்டுபிடித்தோம். ஜோடி ஒன்றுதான், ஆள் இரண்டு என்பதையும் அடுத்த நொடியே கண்டுபிடித்தோம்.

வாள்வீச்சுக்காரர்கள் இதற்கு நாணயம் சுண்டுவார்களா? ஐந்து புள்ளி ஆட்டம், மூன்று நிமிடம், ஜெயித்தவருக்கு ஷூ. மாஸ்டரே நடுவராக நின்றார்.

நான்குக்கு நான்கு வரை வந்தேன். அவர் கை தாழ்ந்தது. மணிக்கட்டு குத்துவதற்குத் தோதாகத் திறந்துவிட்டது என்று நினைத்து முழு லஞ்ச் போனேன். குதிகால் அழகாக உருண்டு படிந்தது. படிந்த பாதத்தின் மேலேயே சொத்தென்று இறங்கியது அவர் வாள். விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் தனதாகப்போகிற ஷூவின் மேலேயே குத்தி, மனிதர் அதை வென்றுவிட்டார்.

மிச்சமிருந்த இரண்டையும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். இரண்டிலும் கட்டைவிரல் பக்கம் ஒரே அளவு ஓட்டை. மனைவி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பரவாயில்லையே, இப்ப ரெண்டு காலையும் ஊன்றிப் பழகிட்டீங்க போல."