எந்தப் பக்கத்துக் காற்று?

புயல் வருகிறது என்றால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள். எங்கே கரையைக் கடக்கும்? எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கும்? நானும் பல வருடம் அந்த இரண்டைத்தான் துரத்திக்கொண்டிருந்தேன். ஒரு துணை மின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து கஜா புயலைப் பார்த்த ராத்திரிக்குப் பிறகு என் கேள்விகள் மாறிவிட்டன.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது 2008-ல். நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை பதிவானது. நான் அப்போது தஞ்சாவூர்ப் பக்கம் படித்துக்கொண்டிருந்தேன். வெள்ளம் வடிந்த மறுவாரமே மழைமானி ஒன்று வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். தினமும் காலை 8.30-க்கு அளந்து நோட்டில் எழுதுவேன். வானிலைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான். அப்படியே இதே கிறுக்குள்ள நாலைந்து பேர் பழக்கமானார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சென்னையில் மருத்துவம் படிக்கும் பையன், நாகப்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருப்பவர். வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், எங்களில் யாரும் சரியாகத் தூங்க மாட்டோம்.

கஜா எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. 2018 நவம்பர் 11-ஆம் தேதி அதற்குப் பெயர் வந்தது. இலங்கை கொடுத்திருந்த பெயர். நடுக்கடலில் அது ஒரு வளையம் போட்டுச் சுற்றியது. வட தமிழகத்துக்கும் தெற்கு ஆந்திரத்துக்கும் இடையே என்று முதலில் சொல்லப்பட்ட இடம், கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று இறங்கி, கடைசியில் நாகப்பட்டினத்தை ஒட்டி வந்து நின்றது. ஐரோப்பியக் கணினி மாதிரியின் கணிப்பு என்ன சொல்கிறது, அமெரிக்க மாதிரியின் கணிப்பு என்ன சொல்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். 15-ஆம் தேதி சாயங்காலம் காரைக்கால் ராடார் படத்தில் புயலின் நடுவான கண் வட்டமாகத் தெரிந்தபோது மருத்துவ மாணவர் "அண்ணா, என்ன அழகு பாருங்க" என்று அனுப்பினார். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்தபோது நான் வேதாரண்யம் வட்டாரத்தில் கண்ட்ரோல் ரூம் பேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண் நேராக எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

இரவு 10 மணி ஷிப்டுக்கு மதியம் 2 மணிக்கே வந்துவிட்டேன். அப்புறம் ரோடு இருக்காது என்று தெரியும். என்னோடு இருந்தவர் ஒரு வயர்மேன். ஐம்பத்தைந்து வயது. மீனவக் குடும்பத்திலிருந்து வந்தவர், அதனால் காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். 1977 நவம்பர் 12 புயலின்போது அவருக்குப் பதினான்கு வயது. "அதையே பாத்தாச்சு தம்பி" என்று சொல்லிக்கொண்டே டார்ச்சுக்கு புது பேட்டரி போட்டார்.

மின் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் புயல் முதலில் காதில் கேட்பதில்லை, பேனலில்தான் தெரியும். கடலோர ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன், அதாவது ஃபீடர், எட்டரை மணிக்கே ட்ரிப் ஆகி நின்றது. அப்போது ஒரு மரமும் விழவில்லை. கடற்காற்று கொண்டுவரும் உப்பு இன்சுலேட்டர் மேல் படிந்திருக்கும். அதில் மழைத்தூறல் பட்டதும் மின்சாரம் அந்த ஈர உப்பு வழியே தாவிவிடும். அடுத்து உப்பளப் பக்கத்து ஃபீடர். அதற்கடுத்து உள்ளூர். கடலிலிருந்து உள்ளே உள்ளே என்று வரிசையாக வந்தது. பத்து மணிக்குப் போனில் உத்தரவு வந்தது, மீதி ஃபீடர்களையும் நிறுத்திவிட்டேன். அறுந்து விழும் கம்பியில் உயிர் இருக்கக் கூடாது என்பதற்காக. கொஞ்ச நேரத்தில் எங்களுக்கு வரும் லைனும் செத்தது. பேட்டரி வெளிச்சத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியாக எனக்கு வந்த ராடார் படம் 11.20-க்கு. படகுக்காரர் அனுப்பினார். கூடவே ஒரு வரி: "கண்ணோட மேற்கு விளிம்பு கரைக்குக் கிட்ட வந்துடுச்சு. உங்களுக்கு நேரா." 11.40-க்கு செல்போன் டவர் போய்விட்டது. அதற்குப் பிறகு உலகத்தில் யாருக்கு என்ன தெரிந்தது என்பது எங்களுக்குத் தெரியாது.

என்னிடம் மிச்சம் இருந்தவை ஒரு பென்சில், லாக் ஷீட்டின் பின்பக்கம், காற்றழுத்தம் காட்டும் என் போன். சில போன்களில் அதற்கான சென்சார் உள்ளேயே இருக்கிறது, சிக்னல் தேவையில்லை. கால் மணிக்கு ஒரு தடவை அழுத்தத்தை எழுதினேன், பக்கத்திலேயே காற்றின் திசையையும். பூமியின் வட பாதியில் புயலைச் சுற்றி காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் ஓடும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். காற்றின் திசை மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தால் மையம் நம்மை விட்டு விலகிப் போகிறது என்று அர்த்தம். எங்களுக்குத் திரும்பவில்லை. வாடை, வாடை, வாடை என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அழுத்தம் மட்டும் முதலில் இரண்டு, பிறகு மூன்று, பிறகு ஐந்து என்று விழுந்துகொண்டே போனது. நடு எங்கள் மேல்தான்.

அந்தச் சத்தத்தை விவரிக்கத் தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடி போனபோது அது உடைந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை, மேஜையில் தண்ணீர் விழுந்ததும்தான் தெரிந்தது.

ஒரு மணி தாண்டிச் சில நிமிடங்கள். காற்று நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றதாகச் சொல்ல முடியாது. சட்டென்று விட்டது. எங்கிருந்தோ நாய் ஒன்று குரைத்தது. வயர்மேன் அண்ணன் எழுந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். "விட்டுடுச்சு தம்பி. நான் வீட்டைப் பாத்துட்டு வரேன். அம்மா இருக்கு." அவர் வீடு மின் நிலையத்திலிருந்து முந்நூறு மீட்டர்தான். மனைவியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போயிருந்தார்கள். அம்மா வர மாட்டேன் என்று பிடிவாதமாக வீட்டிலேயே இருந்துவிட்டார். அது எனக்கு அந்த நேரத்தில்தான் தெரியும்.

77-ல் அவர் இருந்த ஊருக்கு மேல் கண் போகவில்லை. காற்று அடித்தது, திரும்பியது, ஓய்ந்தது. அவர் அனுபவத்தில் பொய் ஒன்றும் இல்லை, அவர் பார்த்தது புயலின் ஓரம். ஓய்ந்தால் முடிந்தது என்பது ஓரத்தில் இருப்பவர்களுக்குச் சரியான கணக்கு.

போனைப் பார்த்தேன். அழுத்தம் விழுவது நின்றிருந்தது. ராடார் படத்தில் பார்த்த கண்ணின் அகலத்தையும் புயல் நகர்ந்த வேகத்தையும் வைத்து முன்பே பென்சிலால் வகுத்து வைத்திருந்தேன். அரை மணி நேரம் என்று வந்திருந்தது. அது சரியா என்று கேட்டுக்கொள்ள யாரும் இல்லை. போகாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அந்த அம்மா அங்கேயே இருப்பார். நான் சொன்னது இதுதான்: "அண்ணே, புயல் இன்னும் முடியல. இது நடு. அடுத்தது சோழகம் அடிக்கும், இதே வேகத்துல. உங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. வீட்டைப் பாக்காதீங்க. அம்மாவைத் தூக்கிட்டு நேரா இங்க வந்துடுங்க."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். ஓடினார்.

கண்ட்ரோல் ரூமை விட்டு நான் நகர முடியாது. வாசலில் நின்று டார்ச்சை ரோட்டுப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து போயிற்று. என் பென்சில் கணக்கில் ஐந்து நிமிடம் பிசகியிருந்தால் இரண்டு பேரை நடு ரோட்டில் நிறுத்திவிட்டேன் என்ற எண்ணம் வயிற்றைப் பிசைந்தது. வருடக்கணக்கில் எத்தனையோ புயல்களுக்குக் கணித்திருக்கிறேன். தப்பினால் அடுத்த நாள் திருத்திக்கொள்வோம், அவ்வளவுதான். தப்பவே கூடாத கணக்கு ஒன்றை நான் போட்டது அதுதான் முதல் தடவை.

அழுத்தம் ஒரு புள்ளி ஏறியது. ஏற ஆரம்பித்தால் பாதி தாண்டிவிட்டது.

விழுந்து கிடந்த மரங்களுக்கு மேல் ஏறி இறங்கி வந்தார்கள். அண்ணன் தோளில் அம்மா, அம்மா கையில் ரேஷன் கார்டு இருந்த மஞ்சள் பை. அவர்களை உள்ளே விட்டுக் கதவுக்கு மேஜையை முட்டுக்கொடுத்து ஏழெட்டு நிமிடம் இருக்கும், தெற்கிலிருந்து அடித்தது. முதல் பாதியில் வேர் தளர்ந்து நின்ற மரங்களை எல்லாம் எதிர்ப் பக்கம் தள்ளிச் சாய்த்தது அந்த இரண்டாவது காற்றுதான்.

விடிந்ததும் மூன்று பேரும் வெளியே வந்தோம். முதலில் சாய்ந்த தென்னைகள் தலையைத் தெற்கே வைத்துக் கிடந்தன, பிறகு சாய்ந்தவை வடக்கே. ராத்திரி நான் எழுதிய திசைகள் அப்படியே தரையில் கிடந்தன. அண்ணன் வீட்டின் மேல் கிடந்த தென்னையின் தலை வடக்கே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், வேர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் அந்த மரத்தை யார் நட்டது என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அதன்பிறகு நடந்தது நாடறிந்த கதை. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். நடவு முடிந்த வயலில் லாரி இறங்காது என்பதால் கம்பத்தைத் தோளில் சுமந்து இடுப்பளவு சேற்றில் போனார்கள். என் வேலை வாழ்க்கையில் நான் அதிகம் மதிக்கும் காட்சி அதுதான். அந்த நாட்களில் நானும் ஒரு மாதம் மழைமானியைத் தொடவில்லை.

எங்கள் நண்பர்கள் மறுபடி பேச ஆரம்பித்தபோது தலைமையாசிரியரிடம் அந்த லாக் ஷீட்டைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வேகத்தை நீ ஒரு இடத்துலகூட எழுதலையே" என்றார். அப்போதுதான் கவனித்தேன். எழுதியதெல்லாம் திசையும் நேரமும்தான். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. புயல் பாதையில் இருக்கும் ஊர்க்காரர் யாராவது கேட்டால் மூன்று விஷயம் சொல்கிறோம்: முதல் காற்று எந்தப் பக்கமிருந்து எப்போது, நடுவில் நிற்குமா, மொத்தம் எவ்வளவு நேரம். இந்திய வானிலை ஆய்வு மையம் சொல்வதற்கு மாறாக எதுவும் சொல்வதில்லை. அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்வதை நாங்கள் தெருவுக்குப் பிரித்துச் சொல்கிறோம்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. கஜா அளவுக்குக் காற்று இல்லை என்று பலர் நிம்மதியாக இருந்தார்கள். அண்ணன் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார், மகளைத் திண்டிவனம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். ராத்திரி போன் வந்தது.

"தம்பி, வேகமெல்லாம் டிவில சொல்லிட்டான். எவ்வளவு நேரம் நிக்கும், அதைச் சொல்லு."

ராடாரைத் திறந்து வைத்திருந்தேன். மூன்று மணி நேரத்துப் படங்களை ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டிப் பார்த்தேன். மயிலத்துக்கும் புதுச்சேரிக்கும் மேல் அதே மேகம் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் காலைக் கணக்கில் அந்த இரண்டு இடத்திலும் மழை 50 சென்டிமீட்டரை ஒட்டி வந்தது.

"நகரவே இல்லண்ணே" என்றேன். "பிள்ளைகளை இப்பவே மாடிக்கு ஏறச் சொல்லுங்க."