செத்த டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால்

வீட்டில் ஓடுவது பழைய டெஸ்க்டாப் கேபினெட்டில் ட்ரூநாஸ் என்ற சேமிப்பக மென்பொருளைப் போட்டுச் செய்த ஃபைல் சர்வர். 4 டிபி டிஸ்க் நான்கு, தரவோடு மீட்புத் தகவலையும் சேர்த்து நான்கிலும் பரப்பி எழுதும் ரெய்டு-இசட்1 அமைப்பு. நான்கில் ஒன்று போனால் தரவு பிழைக்கும். அதை மாற்றி முடிப்பதற்குள் இன்னொன்றும் போனால் மொத்தமும் போச்சு. கல்யாண வீடியோவிலிருந்து அப்பா ஸ்கேன் செய்துவைத்த பத்திரங்கள் வரை எல்லாம் அதில்தான்.

ஒரு டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டார்கள் (தரவு எழுதும் சிறு கட்டங்கள்) இருப்பதாக எச்சரிக்கை மெயில் வந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்தால் மேலேயே 'பாஸ்டு' என்று இருக்கிறது! இந்த ஒரு வரியை நம்பவே கூடாது. பார்க்க வேண்டியது கீழே வரும் பட்டியல். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டார்கள். 197, படிக்க முடியாமல் தொங்கலில் நிற்பவை. 199, கேபிள் வழியே தரவு போகும்போது வரும் பிழைகள்; அது மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள் கோளாறுதான். டிஸ்க் மேல் பழி போட வேண்டாம். என்னுடையதில் 199 பூஜ்ஜியம், 197 பார்க்கப் பார்க்கக் கூடிக்கொண்டே போனது. கொஞ்ச நாளில் பூல், அதாவது நான்கு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்பு, 'டிகிரேடட்' (குறையோடு ஓடுகிறது) என்று மஞ்சள் காட்டியது.

உடனே புது டிஸ்க்கை மாட்டிவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். நான் முதலில் பேக்கப் எடுத்தேன். புது டிஸ்க்கை நிரப்ப, மீதி மூன்றையும் மணிக்கணக்கில் விடாமல் படிக்க வேண்டும். அந்த மூன்றும் செத்ததோடு ஒன்றாக வாங்கியவை, அதே வயது. இன்னொன்று காலை வாரினால் அது இந்த நேரத்தில்தான் வாரும். எனவே போட்டோ, பத்திரம், கணக்கு வழக்கு எல்லாம் முதலில் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போயின. சினிமாக்களை விட்டுவிட்டேன், திரும்பத் தேடிக்கொள்ளலாம்.

டிஸ்க் வாங்க, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். "அண்ணே, இது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா?" என்றால், "நாஸ் டிஸ்க்னு போட்டிருக்கு பாருங்க சார், அப்புறம் என்ன?" என்றார் கடைக்காரர். நாஸ் என்றால் இப்படி நெட்வொர்க்கில் ஓடும் சேமிப்பு சர்வர்; ஆனால் அந்த லேபிள் மட்டும் போதாது. சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளதையும் திரும்ப எழுத வேண்டும். பூலை மறுபடி கட்டும்போது இது நொண்டியடிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-ல்தான் வெளியே தெரிந்தது. அதனால் கவுண்டரில் நின்றபடியே மாடல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் தேடினேன். கையோடு சீரியல் நம்பரைப் போட்டு இந்தியாவில் வாரண்டி காட்டுகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொன்னேன். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது, பரவாயில்லை.

அடுத்ததுதான் நிஜமான கண்டம்: எதைக் கழற்றுவது? திரையில் 'எஸ்டிபி', 'எஸ்டிசி' என்று காட்டும் பெயர்கள் ரீபூட் ஆனால் இடம் மாறலாம். பெயரை நம்பி நல்ல டிஸ்க்கை உருவினால் பூல் அங்கேயே படுத்துவிடும். நம்பத் தகுந்தது சீரியல் நம்பர் ஒன்றே. செத்ததை மெனுவில் ஆஃப்லைன் செய்து, அதன் சீரியல் நம்பரைத் தாளில் எழுதிக்கொண்டு, சர்வரை ஷட்டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கினேன். கேபினெட்டைத் திறந்தால் நான்கும் அச்சு அசல் ஒன்றுபோல. லேபிள் எல்லாம் மேல்பக்கம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. ஒவ்வொன்றாகப் பாதி இழுத்து, செல்போன் டார்ச்சில் படித்து, மூன்றாவது தட்டில் ஆளைப் பிடித்தேன். அப்படியே நான்கின் விளிம்பிலும் சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி டேப் ஒட்டினேன். இதை வாங்கிய அன்றே ஒட்டுகிறவர் புத்திசாலி.

புதியதை மாட்டி 'ரிப்ளேஸ்' கொடுத்தது அரை நிமிட வேலை. ரீசில்வர், அதாவது புது டிஸ்க்கை நிரப்பும் வேலை, முதலில் நாள்கணக்கில் ஆகும் என்று பயமுறுத்தியது, பிறகு இறங்கி வந்துவிட்டது. ட்ரூநாஸின் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ், தரவு உள்ள இடத்தை மட்டுமே மறுபடி எழுதும், காலி இடத்தைத் தொடாது. சாதாரண ரெய்டில் டிஸ்க் முழுவதும் எழுதியாக வேண்டும். வெயில் காலம் வேறு. டிஸ்க் சூடு 45 டிகிரியைத் தாண்டியதும் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். நடுவில் கரண்ட் போனது, யுபிஎஸ் தாங்கியது. மறுநாள் 'ஆன்லைன்' என்று பச்சை. அதோடு விடாமல் எல்லாத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப்பும் ஒன்று ஓட்டினேன். பிழை பூஜ்ஜியம்.

பழைய டிஸ்க்குக்கு வாரண்டி மிச்சமிருந்தது. கொடுப்பதற்கு முன் அதில் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதினேன். கெட்ட இடங்களில் முக்கி முனகி எப்படியோ முடித்தது. ரெய்டு டிஸ்க் தனியாக ஒருவருக்கும் பயன்படாது என்பார்கள், ஆனால் சின்ன ஃபைல் ஒன்று முழுசாகவே அதில் கிடக்கலாம். பதிலுக்கு வந்தது புதுசு இல்லை, பழுது பார்த்து லேபிள் மாற்றிய டிஸ்க். அதையும் முழு சோதனை ஓட்டி ஸ்பேராக வைத்திருக்கிறேன்.

மீதி மூன்றும் கிழடுகள். அடுத்து 8 டிபியாக ஒவ்வொன்றாய் மாற்றலாம் என்று இருக்கிறேன், நான்கும் மாறிய பிறகுதான் கூடுதல் இடம் கண்ணில் தெரியும். வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை: "ஓடுறதை எதுக்குங்க மாத்தணும்?"