10 வயசுல மெடல் வாங்குற புள்ளைங்களப் பெத்தவங்களுக்கு

கோடை லீவு விட்டா எங்க ஊரு ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளத்துல கூட்டம் தாங்காது, அப்படி பழக வந்த புள்ளைங்கள்ல சில பேரு போட்டிக்குப் போக ஆரம்பிப்பாங்க, ஒரு மெடல் வந்துட்டா போதும், அன்னைக்கே வீட்டுல ஒலிம்பிக் பேச்சு வந்துரும். எங்க அக்கா வீட்டுலயும் அதான் நடந்துச்சு.

அந்த வயசுல யாரு ஜெயிக்கிறாங்கன்னு உத்துப் பாருங்க. பெரும்பாலும் சீக்கிரமா வளந்த புள்ளைங்கதான். நீளமான கை, பெரிய பாதம், 50 மீட்டருக்கு அதுவே போதும். வருஷத்த வச்சு குரூப் பிரிக்கிறதால ஜனவரில பொறந்ததும் டிசம்பர்ல பொறந்ததும் பக்கத்து பக்கத்து லேன்ல நிக்கும், சின்னப் புள்ளைங்களுக்கு 11 மாசம்ங்கிறது எம்புட்டு பெரிய வித்தியாசம்! எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது என்னன்னா, வளந்த புள்ள செவத்துக்கிட்ட திரும்புற டர்ன சுமாரா போட்டாலும் ஜெயிச்சுரும், செவத்த ஒதச்சு தண்ணிக்குள்ளயே ரெண்டு காலையும் சேத்து டால்ஃபின் கிக் அடிச்சு வரத் தெரியாட்டியும் ஜெயிச்சுரும், ஜெயிக்கிற புள்ளைய யாரு திருத்துவா? பின்னாடி வர்ற குட்டைப் புள்ளைக்கு டெக்னிக்க விட்டா வேற வழி கிடையாது. 14, 15 வயசுல அதுவும் வளந்துரும். அப்ப சீக்கிரமா வளந்த புள்ள மொத மொதல்லா தோக்கும், ஏன் தோக்குறோம்னே அதுக்குப் புரியாது, அதுவரைக்கும் மெடலுக்காக மட்டுமே நீந்துன புள்ள காலைல அஞ்சு மணிக்கு எதுக்கு எந்திரிக்கும் சொல்லுங்க?

பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னும் கஷ்டம். வயசுக்கு வர்ற சமயத்துல உடம்பு மாறும், டைமிங் அப்படியே நின்னுரும், சிலருக்கு கூடவும் செய்யும். அது சோம்பேறித்தனம் இல்லங்க. அந்த நேரத்துல திட்டாம கூட நின்னா திரும்ப இறங்கும், ஆனா நம்ம வீடுகள்ல "போதும், படிப்பப் பாரு"ன்னு நிறுத்திடுறோம்.

நெய்வேலில வளந்த சஜன் பிரகாஷப் பாருங்க. 2021 ஜூன்ல ரோம்ல 200 மீட்டர் பட்டர்ஃபிளைய 1:56.38ல முடிச்சு, ஒலிம்பிக்குக்கு நேரடியா தகுதி தர்ற 'ஏ' நேரத்த எட்டுன மொத இந்திய நீச்சல் வீரர் ஆனாரு. அப்ப அவருக்கு 27 வயசு, அதுக்கு முன்னாடி கழுத்துல டிஸ்க் பிரச்சினைன்னு குளத்துக்கே வர முடியாம இருந்தவரு. 10 வயசு மெடல வச்சு இவ்வளவு தூரம் வர முடியுமா?

அதனால புள்ள தண்ணிய விட்டு ஏறுனதும் "எத்தனாவது?"ன்னு கேக்காதீங்க. போன தடவைய விட டைமிங் கொறஞ்சுச்சா, டர்ன் சரியா வந்துச்சான்னு கேளுங்க. ஒரே ஸ்ட்ரோக்ல கட்டிப் போடாம ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளைன்னு நாலையும் நீந்த விடுங்க. ஒரு மாசம் வேண்டாம்னு சொன்னா விட்ருங்க, ஊருக்குப் போயி கெணத்துல குதிச்சு வெளையாடட்டும், அதுவும் நீச்சல்தான்.

அக்கா பையன் 50 மீட்டர்ல வரிசையா தோத்ததுக்கப்புறம் நிறுத்திருவான்னுதான் நெனச்சோம், கோச் அவன நாலு ஸ்ட்ரோக்கும் சேந்து வர்ற 200 மீட்டர் மெட்லிக்கு மாத்தி விட்டாரு, இப்ப அவனே அலாரம் வச்சு எந்திரிக்கிறான். பிரெஸ்ட்ஸ்ட்ரோக் மட்டும் இன்னும் கொஞ்சம் இடிக்குது, அதத்தான் தெனமும் பாத்துக்கிட்டு இருக்கான்.