தாய்மொழிக் கட்டம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நான் பந்தலூர் பக்கம் ஆசிரியர். சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பிப்ரவரி 9 முதல் 28 வரை, பள்ளி விட்டதும் கணக்கெடுப்புப் படிவக் கட்டோடு வீடு வீடாகக் கிளம்புவேன். இருட்டினால் யானை இறங்கிவிடும் என்பதால் அவசர நடைதான்.

கூடலூர், பந்தலூர் பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. தென்கிழக்கு வயநாடு என்பார்கள். அப்புறம்தான் நீலகிரியோடு சேர்ந்தது. அந்த மலபார் மாவட்டமே இன்று இல்லை, 1957 தொடக்கத்தில் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஆனால் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஆகிய பழங்குடியினர், வயநாட்டுச் செட்டிமார், மலையாளிகள் என்று எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே சாலையில் ஒரு வீட்டில் நான் சார், அடுத்த வீட்டில் மாஷ், டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மாஸ்டர்.

லயத்தில் ஒரு அம்மாவிடம் பிறந்த இடம் கேட்டேன். நுவரெலியா என்று தொடங்கி, தோட்டத்தின் பெயர், டிவிஷன், எத்தனையாவது லயம் வரை சொன்னார். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கு நாட்டின் பெயர் எழுதினால் போதும். 'இலங்கை' என்று எழுதிவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

தவறு செய்தது பணியர் குடியிருப்பான பாடியில். அங்கே ஒரு வீட்டில் ஆறு பேர். பாட்டி என்னோடு மலையாளத்தில் பேசினார். நானும் கேட்காமலே தாய்மொழிக் கட்டத்தில் ஆறு முறை 'மலையாளம்' என்று எழுதிவிட்டேன். மறுநாள் வகுப்பில் அந்த வீட்டுப் பெண், என் மாணவி, மெதுவாகச் சொன்னாள்: "சார், பாட்டி உங்களுக்காகத்தான் மலையாளம் பேசினாங்க. எங்க வீட்டுப் பேச்சு வேற." இரண்டு வருடமாக என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை. அவள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்னமும் மனதை உறுத்துகிறது.

அன்று மாலையே மறுபடி போனேன். ஆறு இடத்திலும் அடித்து, 'பணியர் மொழி' என்று எழுதினேன். மலையாளமும் தமிழும் 'தெரிந்த பிற மொழிகள்' கட்டத்துக்குப் போயின. எழுதியதைத் தொட்டுக் காட்டச் சொன்னார் பாட்டி. காட்டினேன்.

2018-இல் மொழிவாரி அட்டவணைகள் வெளிவந்தபோது முதலில் அதைத்தான் தேடினேன். நாடு முழுக்கப் பத்தாயிரம் பேராவது சொல்லியிருந்தால்தான் ஒரு தாய்மொழியின் பெயர் அதில் வரும். நானும் மற்றவர்களும் சோம்பல்பட்டு 'மலையாளம்' என்றே நிரப்பியிருந்தால் அந்தப் பெயர் காணாமலே போயிருக்கலாம். இருந்தது. மலையாளத்துக்குக் கீழே ஒரு துணை வரியாக. தனி மொழியாகவே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனாலும் அந்த வரியின் எண்ணிக்கையில் பாட்டி வீட்டு ஆறு பேரும் இருக்கிறார்கள்.